சீக்கிரம் தோற்றுவிடு என்பவர்களிடம் சில கேள்விகள்

ஒரு டிசம்பர் மாதம், தருமபுரியில் புதுத்தொழில் தொடங்குவோருக்கான ஒருநாள் பயிற்சி. மாவட்டத்தின் நாலாபுறத்திலிருந்தும் வந்திருந்தார்கள். பேச வந்தவர் தேர்ந்த பேச்சாளர். ஒரு மணி நேரம் யாரும் கைபேசியைத் தொடவில்லை. அவர் சொன்னதையெல்லாம் வடிகட்டினால் மூன்று வாக்கியம் தேறும். வேகமாக முடிவெடு. தனியாக முடிவெடு. தோற்பதானால் சீக்கிரம் தோற்றுவிடு.

எனக்கு முன்வரிசையில் வத்தல்மலையிலிருந்து வந்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் தோட்டத்துக் காப்பியையும் மிளகையும் வியாபாரியிடம் மூட்டையாகப் போடாமல் தாங்களே பொட்டலம் கட்டி விற்க வேண்டும் என்ற நினைப்பில் வந்தவர்கள். மூத்தவர் மூன்றாவது வாக்கியத்தை நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தார். கேள்வி நேரத்தில் அவர் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நான் விசாரித்தபோது சிரித்தார். "காப்பி நட்டா காய்க்கவே மூணு நாலு வருசம் ஆவுதுங்க. அதுல சீக்கிரமா எங்க தோக்கறது?"

அவர் அரங்கில் கேட்காமல் விட்டதை நான் இங்கே கேட்டுவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மூன்று வாக்கியமும் அந்தப் பேச்சாளரின் சொந்தச் சரக்கு இல்லை. கலிபோர்னியாவில் முளைத்து, பெங்களூரில் பதியம் போட்டு, 2016 ஜனவரியில் மத்திய அரசு ஸ்டார்ட்அப் இந்தியா திட்டத்தைத் தொடங்கியபின் நம் ஊர்க் கல்லூரி அரங்குகள் வரை வந்து சேர்ந்த நாற்று அது. எந்த மண்ணில் வளர்ந்தது, எந்தத் தண்ணீர் குடித்தது என்று யாரும் பார்க்கவில்லை. அப்படியே நடச் சொல்கிறார்கள்.

சீக்கிரம் தோற்றுவிடு என்பது யாருடைய கணக்கு? துணிகர முதலீட்டு நிறுவனத்தின் கணக்கு. அவர்கள் பல கம்பெனிகளில் பணம் போடுகிறார்கள். பெரும்பாலானவை மூழ்கும் என்று தெரிந்தேதான் போடுகிறார்கள். ஒன்றோ இரண்டோ பல மடங்காகப் பெருகினால் மற்ற நஷ்டத்தையெல்லாம் அது அடைத்துவிடும். அப்படிப்பட்டவருக்கு ஒரு கம்பெனி இழுத்துக்கொண்டே போய் மூன்றாம் வருடம் மூழ்குவதைவிட முதல் வருடமே மூழ்குவது லாபம். மிச்சப் பணத்தை வேறு இடத்தில் போடலாம். அவருடைய நிலையில் அந்த அறிவுரை நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்த முதலீட்டாளரிடம் முப்பது கம்பெனி இருக்கிறது. கம்பெனி நடத்துகிறவனிடம் ஒன்றுதான் இருக்கிறது. வாரச்சந்தையில் ஆட்டை விற்று வந்த பணமும் மகளிர் குழுக் கடனும் சேர்த்துத் தொடங்கியவனிடம் போய், தோல்வி ஒரு பாடம், அடுத்ததை ஆரம்பி என்று சொல்வதற்கு ஒரு தனித் தைரியம் வேண்டும். அடுத்தது எதைக் கொண்டு? தருமபுரிக்காரனுக்கு அந்த அடுத்தது பெரும்பாலும் பெங்களூர் கட்டட வேலை, இல்லையென்றால் திருப்பூர் பஸ்.

இனி மலைக்குப் போவோம். வத்தல்மலை மூவாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். ஒழுங்கான சாலை வந்ததே இந்த நூற்றாண்டில்தான். அதுவரை விளைந்ததைத் தலையில் சுமந்து இறக்கினார்கள். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். சாமை, கேழ்வரகு, கொள்ளு என்று மானாவாரியில் வயிற்றுக்கு விளைவித்த இடத்தில் காப்பியும் மிளகும் வந்து சேர்ந்தன. நிழலுக்கு சில்வர் ஓக், அதன் மேல் மிளகுக் கொடி, கீழே காப்பி. ஒரே நிலத்தில் மூன்று அடுக்கு.

இந்த மூன்று அடுக்கையும் முடிவெடுத்தல் என்ற கண்ணோடு பாருங்கள். சாமை விதைக்கும் முடிவு ஒரு பருவத்து முடிவு. பொய்த்தால் அடுத்த ஆடியில் திருத்திக்கொள்ளலாம். காப்பி அப்படியில்லை. இன்று நட்டால் முதல் பழம் மூன்று நான்கு வருடம் கழித்து. பிறகு பல பத்தாண்டுகளுக்கு அந்தச் செடி அங்கேதான் நிற்கும். நிழல் மரம் அதைவிட நீண்ட காரியம். அப்பன் எடுக்கும் முடிவில் மகன் வாழ்கிறான். சாமைக்கு வேகம் பொருந்தும், காப்பிக்குப் பொருந்தாது. ஒரே விவசாயி, ஒரே காடு, ஒரே வருடத்தில் இரண்டு வகை முடிவும் எடுக்கிறான். இரண்டுக்கும் ஒரே விதி சொன்னால் அவன் சிரிக்காமல் என்ன செய்வான்?

வேடிக்கை என்னவென்றால், வேக மதத்தின் பெரிய சாமிகளே இதைச் சொல்லியிருக்கிறார்கள். அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2015-ஆம் ஆண்டுக்காகப் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் முடிவுகளை இரண்டு கதவுகளாகப் பிரித்தார். போய்விட்டுத் திரும்பி வரக்கூடிய கதவு ஒன்று, போனால் திரும்ப முடியாத கதவு மற்றொன்று. திரும்பக்கூடியதை வேகமாக எடு என்றார். திரும்ப முடியாததை நிதானமாக, பலரைக் கலந்து, மெதுவாக எடு என்றும் அதே கடிதத்தில் சொன்னார். நம் பயிற்சி அரங்குகளுக்கு வந்து சேர்வது முதல் பாதி மட்டும். ஃபேஸ்புக்கின் புகழ்பெற்ற பழைய கோஷம், வேகமாகப் போ, உடைந்தால் உடையட்டும் என்பது. அந்த நிறுவனமே அதை 2014-இல் மாற்றிக்கொண்டது. இங்கே இன்னும் அதைச் சட்டையில் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

காப்பி விலை இன்னொரு பாடம். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. இந்த மாதிரி நேரத்தில்தான் அவசரக்காரர்கள் மலையேறி வருவார்கள். சாமைக் காட்டையெல்லாம் அழித்துக் காப்பி போடுங்கள், வாய்ப்பு போய்விடும் என்பார்கள். ஆனால் இன்று நடுகிற செடிக்கு இன்றைய விலை கிடைக்காது. நாலு வருடம் கழித்து இருக்கிற விலைதான் கிடைக்கும். 1989-இல் சர்வதேச காப்பி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை முறிந்தபோது விலை எப்படி விழுந்தது, 2001, 2002 வாக்கில் எந்தப் பாதாளத்துக்குப் போனது என்று ஏற்காட்டிலும் குடகிலும் தோட்டம் வைத்திருந்த பெரியவர்களைக் கேளுங்கள். பழத்தைப் பறிக்கிற கூலிகூடக் கட்டாமல் செடியிலேயே விட்டவர்கள் இருந்தார்கள். சாமையைச் சாப்பிடலாம். காப்பிக்கொட்டையைத் தின்று மழைக்காலத்தை ஓட்ட முடியாது.

வேகமான முடிவின் ருசி எனக்கும் தெரியும். சில வருடங்களுக்கு முன், வேறொரு மலையில், ஒரு மகளிர் குழுவுக்கு ஆலோசகன் என்ற பெயரில் போய்க்கொண்டிருந்தேன். மானியப் பணம் வந்தது. மார்ச் 31-க்குள் செலவாக வேண்டும். சாமை உமி நீக்கும் இயந்திரம் வாங்குவது என்று நானும் இன்னொருவரும் ஒரே தொலைபேசிப் பேச்சில் முடிவு செய்தோம். கூட்டம் போட நேரமில்லை. தலைவி கையெழுத்து போதும் என்று இருந்துவிட்டோம். இயந்திரம் வந்து இறங்கிய பிறகுதான் அது மும்முனை மின்சாரத்தில் ஓடுவது என்பது உறைத்தது. அந்த ஊரில் ஒருமுனைதான். மும்முனை இணைப்புக்கு நடையாய் நடந்து, மாவு மில் வைக்கும் ஆசையையே விட்டவர் ஒருவர் அதே ஊரில் இருந்தார். கூட்டம் போட்டிருந்தால் அவர் முதல் நிமிடமே சொல்லியிருப்பார். அடுத்த முறை போனபோது தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கோழி அடை கிடந்தது. குழுவின் பங்குத்தொகை போய்விட்டது. என் மதிப்பூதியம் மட்டும் ஒழுங்காக வந்தது.

தனித்தலைவன் கொள்கையில் இருக்கும் ஓட்டை இதுதான். முடிவெடுக்கிறவனுக்குத் தெரிந்தது கொஞ்சம். தெரிந்தவர்களைக் கேட்காமல் இருப்பதற்கு வீரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2024 செப்டம்பரில் ஸ்டார்ட்அப் முதலீட்டாளர் பால் கிரஹாம் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு இந்தக் கொள்கைக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. நிறுவனர் எல்லாவற்றிலும் தானே தலையிட்டு நடத்துவதே சிறந்தது, மேலாளர்களை நம்பி ஒதுங்கியவர்கள் கெட்டார்கள் என்று அதற்குப் பொருள் கொள்கிறார்கள். கிரஹாமின் புகாரில் நியாயம் இருக்கிறது. சம்பளத்துக்கு வந்த மேலாளர் கூட்டம் ஒரு கம்பெனியை உள்ளே இருந்து அரித்துவிட முடியும். ஆனால் அதற்கு மாற்று ஒற்றை மனிதன்தானா?

வீவொர்க் நிறுவனம் 2019-இல் பங்குச்சந்தைக்கு வர மனுப் போட்டபோது, நிறுவனர் ஆடம் நியூமனின் பங்கு ஒவ்வொன்றுக்கும் 20 வாக்கு என்று அதில் எழுதியிருந்தது. அவரை மறுக்க அங்கே யாருக்கும் வழியில்லை. 4,700 கோடி டாலர் மதிப்பு சொல்லப்பட்ட அந்தக் கம்பெனி சில வாரங்களில் மனுவைத் திரும்பப் பெற்றது. 2023 நவம்பரில் திவாலானது. நம் நாட்டில் பைஜூஸ். 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்பு. 2023 ஜூனில் கணக்குத் தணிக்கை நிறுவனமும், முதலீட்டாளர்கள் சார்பில் இயக்குநர் குழுவில் இருந்த மூவரும் விலகினார்கள். 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. கேள்வி கேட்கிறவர்கள் எழுந்து போன பின் நாற்காலியில் மிஞ்சுவது யார் என்று பார்த்தால், முடிவெடுத்த அதே ஆள்தான்.

உடனே ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்புவைக் காட்டுவார்கள். தனி மனிதர், தன் வழியில் போனார், ஜெயித்தார் என்பார்கள். காட்டட்டும். 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய நிறுவனம் 2009-இல்தான் ஜோஹோ என்று பெயர் மாறியது. வெளி முதலீடு வாங்கவில்லை. அதனால் அவசரப்படுத்த ஆளில்லை. கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். அதன் பலன் அடுத்த காலாண்டில் வருவதில்லை. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டார்கள். இதில் எங்கே இருக்கிறது சீக்கிரம் தோற்றுவிடு? மெதுவாக ஜெயித்தவரை வேகத்துக்குச் சாட்சியாகக் கூப்பிடுவது கொஞ்சம் அநியாயம்.

ஜோஹோவுக்குக்கூடப் போக வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்திலேயே, அரூருக்குக் கிழக்கே, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையில் சிட்லிங்கி இருக்கிறது. 1993-இல் இரண்டு மருத்துவர்கள் அங்கே வந்தார்கள். ரெஜி ஜார்ஜ் மயக்கவியல், அவர் மனைவி லலிதா மகப்பேறு. காந்திகிராமத்து மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். முதல் மருத்துவமனை ஒரு குடிசை. அந்தப் பள்ளத்தாக்கில் அப்போது பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. அவசரப்படுவதற்கு நியாயம் உள்ள இடம் உலகத்தில் ஒன்று இருக்குமென்றால் அது அதுதான்.

அவர்கள் செய்ததைப் பாருங்கள். உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்து, அவர்களுக்கே சுகாதாரப் பயிற்சி கொடுத்தார்கள். பள்ளிப்படிப்பு குறைவு, ஆனால் எந்த வீட்டில் யார் கர்ப்பம், எந்தக் குழந்தை பால் குடிக்கவில்லை என்று தெரிந்தவர்கள். வெளியிலிருந்து பட்டம் பெற்ற நர்ஸ்களைக் கொண்டுவருவது வேகமான வழி. அப்படி வருகிறவர்கள் அதைவிட வேகமாகத் திரும்பிப் போவார்கள் என்பதும் தெரிந்த கதை. மெதுவான வழியில் போனார்கள். குழந்தை இறப்பு வருடங்கள் ஓட ஓட ஆயிரத்துக்கு இருபது என்ற அளவை நோக்கி இறங்கியது.

பத்து வருடம் கழித்து அவர்கள் செய்ததுதான் என் வாதத்துக்கு இன்னும் முக்கியம். ஆஸ்பத்திரி நன்றாக ஓடுகிறது. இந்த இடத்தில் மேடைப் பேச்சாளர்கள் சொல்லிக் கொடுப்பது, பத்து மலையில் இதே மாதிரி கிளை திற என்பது. இவர்கள் பாதயாத்திரை கிளம்பினார்கள். ஊர் ஊராக நடந்து, என்ன குறை என்று கேட்டார்கள். மக்கள் மருத்துவத்தைப் பற்றிப் பேசவில்லை. உரம், பூச்சிமருந்துக் கடனில் விவசாயம் கட்டுப்படியாகவில்லை, பிள்ளைகள் பிழைப்பு தேடி வெளியே போகிறார்கள் என்றார்கள். டாக்டர்கள் தங்களுக்குத் தெரியாத துறைக்குள் இறங்கினார்கள். முதலில் இயற்கை விவசாயத்துக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களோடு தொடங்கியது பின்னால் நூற்றுக்கணக்கான விவசாயிகளின் சங்கமாக, சிட்லிங்கி இயற்கை விவசாயிகள் சங்கமாக வளர்ந்தது. அதே பள்ளத்தாக்கின் லம்பாடித் தாண்டாக்களில் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்த பூவேலை, ஞாபகம் வைத்திருந்த ஒன்றிரண்டு மூத்த பெண்களின் கையிலிருந்து மறுபடி துளிர்த்து, போர்கை என்ற பெயரில் கைவினைஞர் சங்கமானது. லம்பாடி மொழியில் அதற்குப் பெருமை என்று பொருள்.

அது தொண்டு நிறுவனம், ஸ்டார்ட்அப் இல்லை என்று ஒரு மறுப்பு வரும். பொருள் செய்கிறார்கள், பெயரிட்டு விற்கிறார்கள், கூலி கொடுக்கிறார்கள், கணக்கு முடிக்கிறார்கள். முப்பது வருடமாக நிற்கிறார்கள். கம்பெனி என்று வேறு எதைச் சொல்கிறீர்கள்? முதலீட்டாளருக்குப் பங்கை விற்றுவிட்டு வெளியேறும் நாள் ஒன்று குறிக்கப்படவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம் என்றால், குறை சிட்லிங்கியில் இல்லை.

சட்டமும் என் பக்கம்தான். ஒய்.கே. அலக் குழுவின் பரிந்துரையின்மேல் 2002-இல் கம்பெனிச் சட்டத்தில் உற்பத்தியாளர் கம்பெனி என்று ஒரு வகை சேர்ந்தது. பத்து விவசாயிகள் சேர்ந்தால் தொடங்கலாம். உறுப்பினர்கள் தனிநபர்களாக இருந்தால், எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. நியூமனின் இருபதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்று முன்வரிசையில் இருந்த இருவரும் கம்பெனி பதிவு செய்தால் அநேகமாக இந்த வகையில்தான் செய்வார்கள். அவர்களுக்குத்தான் தனியாக முடிவெடு என்று பாடம் நடந்தது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. 2020-இல் பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் தொடங்கும் திட்டம் வந்தபின் ஊருக்கு ஊர் பலகை தொங்குகிறது. பல பலகைக்குப் பின்னால் ஒன்றுமில்லை. பார்த்தீர்களா, கூட்டமாகச் சேர்ந்தால் இப்படித்தான் என்பார்கள். நான் பார்த்த செத்த கம்பெனிகளில் கூட்டம் அதிகமாகிச் செத்தது ஒன்றுகூட இல்லை. தலைவர் ஒருவர், தலைமைச் செயல் அலுவலர் என்று ஒரு பையன், உரக்கடைக்காரர் ஒருவர், மூன்று பேர் முடிவெடுப்பார்கள். தீர்மானப் புத்தகம் டீக்கடைக்கும் வீட்டுக்கும் போய்க் கையெழுத்து வாங்கி வரும். உறுப்பினருக்குத் தன் ஆயிரம் ரூபாய்ப் பங்கு என்னவானது என்று தெரியாது. அடுத்த வருடம் விளைச்சலைப் பழைய வியாபாரியிடமே போடுவான். அவனைத் துரோகி என்று திட்டிப் பயனில்லை.

பழைய ஊர்க்கூட்டத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். மலையூர்க் கூட்டங்களில் ஊர்க்கவுண்டர் பேசுவார், பெரியவர்கள் பேசுவார்கள், பெண்கள் ஒதுங்கி நிற்பார்கள். காப்பிப் பழம் பறிக்கிறதும் காயவைக்கிறதும் சாமை குத்துகிறதும் யார்? ஒதுங்கி நிற்கிறவர்கள். அந்தக் கூட்டத்தை அப்படியே கம்பெனிக்குக் கொண்டுவந்தால் ஒருவருக்குப் பதில் ஐந்து பேரின் அறியாமை கிடைக்கும், அவ்வளவுதான். பேசாதவரைப் பேசவைக்கத் தெரிந்தவரைத்தான் நான் தலைவர் என்பேன். கடைசியில் கையெழுத்துப் போடுகிற வேலை அதற்குப் பிறகு வருவது.

மிச்சமிருக்கிற ஒரே கனமான எதிர்வாதம் இது: வியாபாரி லாரியோடு வந்து நிற்கிறான், இன்றைக்கு இந்த விலை, நாளைக்கு இல்லை என்கிறான், இதற்கெல்லாம் பொதுக்குழு கூட்டினால் விளங்குமா? விளங்காது. ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் முன்கூட்டியே ஒரு கோடு போட வேண்டும். இந்த விலைக்குக் கீழே போகாமல், இத்தனை மூட்டை வரை, நீயே பேசி முடி என்று ஒருவரிடம் கூட்டமே அதிகாரத்தைக் கொடுத்துவிடலாம். அவர் அன்று தவறினால் ஒரு லாரிச் சரக்கோடு போகும். நிலம், கடன், இயந்திரம், எந்தக் காட்டில் எந்தச் செடி என்பவை கூட்டத்துக்கு வர வேண்டும், இரண்டு முறை வர வேண்டும். முதல் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். இரவு வீட்டில் பேசிவிட்டு இரண்டாவது கூட்டத்துக்கு வரும்போதுதான் உண்மையான சந்தேகங்கள் வெளியே வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு இயந்திரம் செலவானது.

பதறாத காரியம் சிதறாது என்று நம் வீட்டுக் கிழவிகள் சொன்னால் பத்தாம்பசலி. அதையே அமெரிக்கப் பங்குதாரர் கடிதத்தில் படித்தால் நிர்வாகவியல். இரண்டையும் படிக்காமல் நடுவில் ஒரு வாக்கியத்தைப் பிடுங்கிக்கொண்டு வருகிறவர்களிடம்தான் என் சண்டை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பேசிவிட்டு மாலை வண்டியில் போய்விடுகிறவர்கள், அவ்வளவே. முடிவு தவறினால் அடுத்த மழை வரை அதோடு குடியிருக்க வேண்டியது மலையில் இருப்பவர்கள்.

பயிற்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தேதி குறிக்கும் முன் வத்தல்மலைக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். டிசம்பர், காப்பிப் பழம் பறிக்கும் மாதம். அந்த இருவரும் அன்றைக்குப் பறிப்பை விட்டுவிட்டுத்தான் கீழே இறங்கி வந்திருந்தார்கள்.